என்னத்துக்கு

திங்கட்கிழமை காலை கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது:
இரண்டு டப், ஐந்நூறு நீலத் துண்டு,
அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு கையேடு.
"இனி ஒவ்வொரு கூடைக்கும் துண்டு கட்ட வேணும்.
வள்ளம், கரைக்கு வந்த நேரம், ஐஸ் போட்ட நேரம்."
சொல்லிவிட்டேன்.
மேற்பார்வையாளர் சொன்னால் நடக்கும் என்று
நானும் என்னை நம்பியிருந்தேன்.

எமில்டா அக்கா நண்டின் ஓட்டைக் கழற்றியபடி
தலை நிமிராமல் கேட்டா:
"என்னத்துக்கு?"

"மேலிடத்து முடிவு" என்றேன்.
மேலே பார்த்தா.
தகரக் கூரை. ஒரு பல்லி.
ஆறு பேர் சிரித்தார்கள்.

முதல் கிழமை துண்டுகள் ஒழுங்காய் நிறைந்தன.
அவ்வளவு ஒழுங்கு நாவாந்துறைக் கடலில் கிடையாது.
எல்லா வள்ளமும் ஆறரைக்கு வந்திருந்தது,
எல்லா நண்டும் ஆறே முக்காலுக்குக் குளிர்ந்திருந்தது.
சோளகம் ஏறி ஒருத்தரும் தொழிலுக்கு இறங்காத வியாழனிலும்
இரண்டு கூடை வந்ததாக எழுதிக் கிடந்தது.
கொழும்பில் அது பச்சையாய்த் தெரிந்திருக்கிறது.
"மிக நன்று" என்று பதில் போட்டிருந்தார்கள்.

அன்றிரவு கையேட்டைப் படித்தேன்.
எப்படி என்று அறுபத்துநாலு பக்கமும் இருந்தது.
ஏன் என்று ஒரு வரி இல்லை.
எனக்கும் அது தெரியாதென்று கண்டுபிடிக்க
எட்டு நாள் பிடித்திருக்கிறது.

களஞ்சியத்துக் கொப்பியைக் கிளறினேன்.
போன மாசி. ஒரு கூடை பழுதாகி,
அது எந்தக் கூடை என்று தெரியாமல்
நானூற்றுப் பத்துக் கிலோவையும் தாட்ட நாள்.
சுண்ணாம்பு தூவினது நான்தான்.
ஆளுக்கு மூன்று நாள் சம்பளம் வெட்டுப்பட்டது.
கொன்சியின் மகளின் ரியூசன் காசு,
றெஜினா கட்ட வேண்டிய சீட்டு,
எல்லாம் அந்தக் குழிக்குள்.

அடுத்த நாள் பிளேன்ரீ நேரம்
டப்பை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு
வெறுங்கையோடு போய் இருந்தேன்.
"மாசியிலை தாட்டது நினைவிருக்கோ?"
ஒருத்தரும் கதைக்கவில்லை.
றெஜினா கிளாசைக் கீழே வைத்தா.
"துண்டு இருந்திருந்தால் ஒரு கூடையைத்தான் தாட்டிருப்பம்.
அதுக்குத்தான் உது. உங்களைப் பிடிக்க இல்லை.
எனக்கும் நேற்றிரவுதான் விளங்கினது."

"உதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."
ஓம், அக்கா. சொல்லியிருக்கலாம்.

பேந்து அவ ஒரு துண்டை எடுத்து
கள்ள நோட்டோ என்று பார்ப்பதுபோல
வெளிச்சத்தில் பிடித்தா.
"இதிலை ஒண்டு குறையுது.
கரைக்கு வந்த நேரம் கிடக்கு. வலை எடுத்த நேரம் எங்கை?
மூண்டுக்கு எடுத்தவன் ஏழுக்குத்தான் கரை பிடிப்பான்.
எஞ்சின் நிண்டால் பத்து.
நண்டு பழுதாகிறது அங்கை, பிள்ளை, இங்கை இல்லை."

கையேடு எழுதினவர்கள் வள்ளம் ஏறியிருக்க மாட்டார்கள்.
குறை சொல்லவில்லை. நானும் ஏறினதில்லை.

துண்டின் பின்பக்கம் வெறுமையாய்த்தான் கிடந்தது.
அதில் எழுதத் தொடங்கினோம்.
கொன்சி மார்க்கர் பேனையோடு துறைக்குப் போக
வள்ளக்காரர் கேட்டார்களாம்: "என்னத்துக்கு?"
அவள் கவிழ்த்துவைத்த ஐஸ் பெட்டியில் குந்தியிருந்து
குழியின் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறாள்.
வர அரை மணி பிந்தியது.
மினக்கேடு என்று நான் எழுதவில்லை.

இப்போது துண்டுகளில் கோணல் எழுத்து,
ஐஸ் தண்ணீரில் ஊறின எண்கள்,
ஒன்றில் "எஞ்சின் பழுது, மன்னிக்கவும்."
கொழும்பில் பச்சை குறைந்து சிவப்புக் கூடிவிட்டதாம்.
நேற்றுப் பின்னேரம் ஒருவர் கோல் எடுத்தார்.
நல்ல மனிசன், குரலில் பதற்றம்.
"ஏன்?" என்று கேட்டார்.

"ஒரு நிமிசம்" என்று சொல்லி
எமில்டா அக்காவின் ஈரக் கையில்
போனைக் கொடுத்தேன்.